விழுந்ததும் படுத்ததும்

தொம்மைக்கு முப்பத்தைந்து வயது. எடை ஐம்பத்தோரு கிலோ. அவனுக்குக் குத்துச்சண்டை மாஸ்டராக இருந்த கஸ்பார் அவனைவிட இரண்டு வயது இளையவர். இருந்தாலும் தூத்துக்குடியில் எல்லோரும் தொம்மையை அவன் என்றும் கஸ்பாரை அவர் என்றும்தான் சொன்னார்கள். குத்து வாங்குகிறவனுக்கு ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

பதினொரு வருடத்துக்கு முன் இவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் மோதியவர்கள். நான்காம் ரவுண்டில் கஸ்பார் கீழே போனார். மறுநாள் காலை ஒரு துணிப்பையோடு தொம்மையின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உமக்கு மாஸ்டரா இருக்கட்டுமா வே?" என்றார்.

தொம்மை ஏன் என்று கேட்கவில்லை. ஜெயித்த மறுநாள் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

அதன்பிறகு கொழும்பு, பாங்காக், மணிலா என்று எங்கெங்கோ போனார்கள். இருபத்திரண்டு சண்டையில் பத்தொன்பது வெற்றி. இப்போது ஆசியப் பட்டத்துக்கான சண்டைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் மூன்று வாரம் இருந்தது. முப்பத்தைந்து வயதான ஐம்பத்தோரு கிலோக்காரனை இன்னொரு முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். இது தொம்மைக்கும் தெரியும், கஸ்பாருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் தொம்மை சலூனுக்குப் போனான். முகம் முழுக்க நுரை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தொம்மைக்குப் பெரிய சண்டையாம்லா?"

"எந்தத் தொம்மை? கஸ்பார்ட்ட இருக்கவனா?"

"அவந்தான்."

"அவன் மாஸ்டரே அவனுக்குப் படுத்த ஆளுதானல."

"விழுந்தாருன்னுல்லா சொன்னாவ."

"எங்க விழுந்தான்? நான் முன்வரிசையில இருந்து பாத்தேன். மூஞ்சில ஒரு கீறல் கிடையாது. ரெண்டு எட்டு நடந்தான். முட்டி போட்டான். ஒருக்களிச்சுப் படுத்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் படுப்பேன்லா, அப்படி."

கத்தி கழுத்தில் இருந்தது. தொம்மை அசையவில்லை. சவரம் முடிந்து கண்ணைத் திறந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் அந்தப் பேச்சை நுரையோடு சேர்த்துத் துடைத்துப் போட்டிருப்பான். ஆனால் தொம்மையிடம் பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. சலூன் பேச்சு நேராகப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

கஸ்பார் போன் பேச வெளியே போனால், ஏன் வெளியே போகிறார் என்று நினைத்தான். உள்ளேயே நின்று பேசினால், தன் காதில் விழவேண்டும் என்றே பேசுகிறார் என்று நினைத்தான். அவர் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் கடையில் பாட்டில் வாங்கிக் குடித்தான். எடை மெஷினில் ஐம்பத்தோரு கிலோ அறுநூறு காட்டியது. நம்பிக்கை வரவில்லை. நேரே வெங்காய மண்டிக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். அதுவும் அறுநூறையே காட்டியது. மண்டிக்காரர் கஸ்பாருக்குத் தெரிந்தவர் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

தூக்கத்தில்கூடக் கணக்குப் பார்த்தான். முதல் வெற்றியே பொய் என்றால் அதை வைத்து வந்த அடுத்த சண்டை? அதை வைத்து வந்த பத்தொன்பதும்? தோற்ற மூன்று மட்டும்தான் நிஜமோ என்று தோன்றியபோது அவனுக்கு அழுகை வந்தது.

பயிற்சியில் கஸ்பார் ஒன்றைக் கவனித்தார். தொம்மையின் வலது கை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

"இடது கை எங்க வே?"

"இருக்கு."

"இருக்கது தெரியுது. வரலயே."

தொம்மை மறுபடியும் வலது கையையே விட்டான். மறுநாளும் இடது கை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவன் கையில் துணியே சுற்றாமல் வந்து நின்றான். அவர்கள் பயிற்சி செய்தது துறைமுக ரோட்டில் இருந்த ஒரு பழைய உப்புக் கிடங்கில். உள்ளே வேறு யாரும் இல்லை.

"மாஸ்டர், நான் சண்டைக்கு வரலைன்னு கூப்பிட்டவனுவகிட்ட சொல்லிரும்."

கஸ்பார் தலையை நிமிர்த்தாமல் ஒரு கையுறையின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"போன் அந்தா இருக்கு. நீரே சொல்லும்."

தொம்மை மேஜையில் இருந்த போனைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நீரு விழுந்தீரா, படுத்தீரா?"

கஸ்பார் நாடாவை விட்டுவிட்டார்.

"விழுந்தேன்னு சொன்னா நம்புவீரா?"

"மாட்டேன்."

"படுத்தேன்னு சொன்னா?"

"நம்புவேன்."

"பொறவு என்னத்துக்குக் கேக்கீரு?"

தொம்மை அவர் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு சொல்லிவிட்டான்.

"என் கையில ஒண்ணும் படல மாஸ்டர். யார்ட்டயும் சொன்னதில்ல. ஒருத்தனை அடிச்சா மணிக்கட்டுல தெரியும், தோள்ல தெரியும். அன்னைக்கு இடது கையில காத்துதான் பட்டுது. என்னன்னு பாக்கதுக்குள்ள நீரு நடந்துபோய்ப் படுக்கீரு. ஊரு கைதட்டுது. நானும் கையைத் தூக்கிட்டேன்."

"பதினோரு வருசமா இதையா வச்சுக்கிட்டு இருந்தீரு?"

"நீரு மறுநாளே பையைத் தூக்கிட்டு வந்தீரே. தோத்தவன் எவனாவது வருவானா? யாரு சொல்லிப் படுத்தீரு? யாரு சொல்லி வந்தீரு?"

கஸ்பார் எழுந்தார். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. வருத்தம் வந்த மாதிரியும் தெரியவில்லை. தொம்மைக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"கையில துணியைச் சுத்தும்," என்றார் கஸ்பார்.

"எதுக்கு?"

"விழுறது எப்படி, படுக்கது எப்படின்னு காட்டுதேன். நீரு அடியும். நான் கீழ போறேன். எது எதுன்னு நீரே சொல்லும்."

ஆணியில் தொங்கிய மார்புக் கவசத்தைத் தொம்மை எடுத்து நீட்டினான். கஸ்பார் அதை வாங்கித் திரும்ப ஆணியிலேயே மாட்டினார். தொம்மை துணியைச் சுற்றிக் கையுறையை மாட்டியதும் இருவரும் மேடையைச் சுற்றிய கயிற்றுக்குள் நுழைந்தார்கள்.

தொம்மை முதலில் வலது கையை விட்டான். தோளில் பட்டது. மணிக்கட்டு வரை அதிர்ந்தது. கஸ்பார் பலகை அதிரும்படி மல்லாக்க விழுந்தார். கண்கள் மேலே செருகியிருந்தன. தொம்மை பயந்து ஒரு அடி முன்னால் வந்தான்.

"எது?" என்று மல்லாந்தபடியே கேட்டார் கஸ்பார்.

"விழுந்தது."

"படுத்தது," என்று சொல்லிவிட்டு எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

இரண்டாவது முறை நெஞ்சில் பட்டது. தொம்மையின் தோள்பட்டை வரை வலித்தது. கஸ்பார் கயிற்றில் மோதித் திரும்பி முகம் குப்புற விழுந்தார். இந்தமுறை தொம்மை அவசரப்படவில்லை. குனிந்து பார்த்தான். கஸ்பாரின் வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

"இது விழுந்தது. சத்தியமா விழுந்தது."

"இதுவும் படுத்ததுதான்." கஸ்பார் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருந்துதா?"

தொம்மைக்கு முகம் சூடேறியது. இவ்வளவு நன்றாகப் படுக்கத் தெரிந்தவர் அன்றைக்கும் படுத்திருப்பார் என்பதில் இனி என்ன சந்தேகம். பதினொரு வருடம் தன்னை முட்டாளாக்கிவிட்டு இப்போது எதிரே நின்று அதையே செய்தும் காட்டுகிறார் என்று நினைத்தான். ஐந்து நாளாக வராத இடது கை அவனைக் கேட்காமலே வந்தது. கீழிருந்து வளைந்து போய் ஏதோ ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

கஸ்பார் நின்றார். எதையோ மறந்துவிட்டவரைப் போல இரண்டு எட்டு நடந்தார். முட்டி போட்டார். ஒருக்களித்துப் படுத்தார்.

"இதுதான்," என்றான் தொம்மை. "இப்படித்தான் மாஸ்டர். அன்னைக்கும் அப்படியே இப்படித்தான் படுத்தீரு. இதைக்கூட மறக்கலயே நீரு."

கஸ்பார் பதில் சொல்லவில்லை.

"எந்திரியும். போதும். எனக்குத் தெரிஞ்சிட்டு."

கஸ்பார் எழவில்லை.

தொம்மை மனதுக்குள் எண்ணினான். பத்து வந்தது. பதினைந்து வந்தது. இதையும் நடிப்பார், இதைவிடவும் நடிப்பார் என்று சொல்லிக்கொண்டான். இருபதைத் தாண்டியபோது அவனுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

குனிந்து அவர் முகத்தைத் திருப்பினான். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நெற்றி முழுக்க வேர்வை. வலது விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கும் இடத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

"மாஸ்டர்," என்றான் தொம்மை. "மாஸ்டர், மாஸ்டர்."

மூச்சு வந்தபோது ஒரு முனகலோடு வந்தது. தொம்மை அவரைத் தூக்கிக் கயிற்றோரம் சாய்த்து உட்காரவைத்தான். தண்ணீர் தேடினான். அவன் கடையில் வாங்கிய பாட்டில்தான் பக்கத்தில் இருந்தது. பல்லால் மூடியைத் திறந்து அவர் வாயில் வைத்தான். அவர் ஒரு மிடறு குடித்தார். அதையும் வாந்தி எடுத்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் கஸ்பாருக்குப் பேச முடிந்தது.

"கையில என்ன பட்டுது?"

தொம்மை தன் இடது கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டை அசைத்தான். தோளை உருட்டினான்.

"ஒண்ணும் படல," என்றான்.

கஸ்பார் தலையை ஆட்டினார். பிறகு மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"போன் பண்ணணும்னா இனி பண்ணும்."

தொம்மை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் எதிரே பலகையில் உட்கார்ந்தான். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடுமா. மிச்சமிருந்த ஒன்றையும் அவன் கேட்டுவிட்டான்.

"அப்போ மறுநாள் காலையில எதுக்கு வந்தீரு?"

"ஆறு வருசம் எத்தனையோ பேர்ட்ட வாங்கியிருக்கேன் வே. எல்லாம் வாறது தெரியும். தெரிஞ்சுதான் வாங்குவேன். அது ஒண்ணு மட்டும் எங்கிருந்து வந்துதுன்னு தெரியல. உம்ம பக்கத்துலயே இருந்தா என்னைக்காவது பாத்துரலாம்னு வந்தேன்."

"பாத்தீரா?"

கஸ்பார் விலாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"இன்னைக்கும் பாக்கல."