அலகுக்கு எவ்வளவு வரும்?

மருதமரக் காட்டில் கொண்டையன் என்றொரு மரங்கொத்தி இருந்தான். பட்டையில் காதை வைத்தாலே போதும், உள்ளே புழு எந்தப் பக்கம் நெளிகிறது என்று சொல்லிவிடுவான். வேலையில் சூரன். தற்பெருமையிலும்தான்.

ஒரு நாள் அடுத்த காட்டு நரி வந்தது. சிங்க ராஜாவிடம் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அதன் உத்தியோகம்.

"கொண்டையா! உன்னை மாதிரி ஆளு இங்க உளுத்த மரத்தைத் தட்டிக்கிட்டு இருக்கலாமா? எங்க காட்டுக்கு வா. மூத்த தலைமைப் பூச்சி நிபுணர்! வருஷத்துக்கு மொத்தம் லட்சம் புழு!"

கொண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மரத்துக் குக்குறுவான் குருவியைக் கூப்பிட்டு, "என் பொந்தை நீயே எடுத்துக்க. சாயங்காலம் காலி பண்றேன்!" என்றான். அது அப்போதே மூட்டையோடு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொந்துக்குள் மனைவி அஞ்சலை. அவள் இறக்கைக்குக் கீழே நேற்றுப் பொரிந்த நாலு குஞ்சுகள். நாலும் வாயை மூடுவதே இல்லை.

"லட்சம் இருக்கட்டும்ங்க. கைக்கு எவ்வளவு வரும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. விருட்டென்று நரியிடம் பறந்தான்.

"கைக்கு எவ்வளவு வரும்?"

"கையா?" நரி விழுந்து விழுந்து சிரித்தது. "உனக்கு ஏதுப்பா கை?"

"சரி, அலகுக்கு எவ்வளவு வரும்?"

சிரிப்பு நின்றது. நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"லட்சத்துல ஒரு பகுதி நிழல். ராஜா காட்டு நிழல் சும்மா வருமா? அப்புறம் காத்து. ராஜா கர்ஜிக்கிறதைப் பக்கத்துல இருந்து கேக்கலாம், அதுக்கும் ஒரு கணக்கு. பாதிக்கு மேல பங்கு!"

"பங்குன்னா?"

"இந்த வருஷம் விதை போடுவோம். மரமாகும். மரத்துல புழு வரும். நாலு மழை தாண்டினா அதெல்லாம் உனக்கே! நடுவுல போனா ஒண்ணும் கிடையாது."

"இன்னிக்கு என்ன கிடைக்கும்?"

"தினம்... மூணு புழு."

வாய் நாலு, புழு மூன்று! எந்தக் குஞ்சைப் பட்டினி போடுவது? அவனும் அஞ்சலையும் ராஜாவின் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் நரியை நன்றாகப் பார்த்தான். விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு நின்றது.

"நரியண்ணே, உங்களுக்கு என்ன குடுக்குறாங்க?"

"எனக்கும் பங்குதான். நாலாவது மழைக்குக் கோழி." நரி எச்சிலை விழுங்கியது. "மூணு மழை போயிடுச்சு. இப்ப எப்படி விட்டுட்டு வர்றது, நீயே சொல்லு?"

கொண்டையன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் பறந்தான். குக்குறுவான் அதற்குள் பாதி உடம்பைப் பொந்துக்குள் நுழைத்திருந்தது. கொண்டையன் ஒரு மாதம் அத்திப்பழம் சுமந்து கொடுப்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் வெளியே வந்தது.

பிள்ளைகளே, பெரிய சம்பளம் தருவதாக யாராவது வந்தால் முதலில் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள், அதற்கும் முன்னால் கூப்பிட வந்தவரின் வயிற்றைப் பாருங்கள்.