ஒரே தாளில் எட்டுப் பேர்

பென் டிரைவைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அருளப்பனுக்குத் தன் தப்பு தெரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் திருட்டு. கேமரா எடுத்த வீடியோ ஒரே புள்ளி மயம். அதைத் துடைத்துத் தெளிவாக்க ஃபில்டர் என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை அருளப்பன் எழுதியிருந்தான். படம் படமாகத் துடைத்து முடிக்க ஒன்பது மணி நேரம். "ரெண்டு மணி நேரத்துல வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவனா சளைப்பான்? வீடியோவை எட்டாகப் பிரித்து, எட்டு ஆள் ஒரே நேரத்தில் துடைப்பதுபோல எட்டு த்ரெட் ஓடவிட்டான். ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்தும் விட்டான்.

தனக்கொரு பிரதி வேண்டுமென்று மறுபடி ஓட்டினான். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

நஸ்ரீனிடம் ஓடினான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவனுக்கு ஐம்பது வயதில் புரோகிராம் சொல்லிக்கொடுத்த குரு அவர். வயது இருபத்தெட்டு.

"டீச்சர், முதல் தடவை ஓட்டினதுல கல்லாவுல கை விடுறது கடை வாட்ச்மேன் இசக்கிமுத்து. மூஞ்சி பளிச்சுனு இருக்கு. ரெண்டாம் தடவை அதே இடத்துல வேற ஆளு. இசக்கிமுத்து வாசல்லதான் நிக்கான். எது நெசம்?"

நஸ்ரீன் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

"உங்க மூஞ்சிய வரைங்க அண்ணாச்சி. நானும் என் மூஞ்சிய வரையிறேன்."

"ஒரே தாள்லயா?"

"ஒரே இடத்துல. ஒரே நேரத்துல."

"இங்க உசுரு போகுது, விளையாடுறீங்களே!"

"வரைங்க."

வரைந்தார்கள். கையும் கையும் முட்டிக்கொண்டன.

"யாரு இது?"

"உங்க கண்ணு. உங்க முக்காடு. என் மீசை."

"இப்படி ஒரு ஆளு திருநெல்வேலியில உண்டா?"

"கிடையாது."

"துடைக்கிற எட்டுப் பேருக்கும் எத்தனை தாளு குடுத்தீங்க?"

அருளப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி துடைத்த படத்தை வைத்துக்கொள்ள எட்டு த்ரெட்டுக்கும் அவன் ஒதுக்கியிருந்தது ஒரே இடம். காலையில் கல்லாப் பக்கம் நடந்துபோன இசக்கிமுத்துவின் தலை, மதியம் திருடியவன் உடம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"புரிஞ்சுபோச்சு டீச்சர். ஆளுக்கு ஒரு தாளு குடுத்துடுறேன். இனிமே வராது."

"இனிமே வராது. சரி. ஸ்டேஷனுக்குப் போனது?"

அவன் தாளையே பார்த்தான்.

"போய்ச் சொன்னா என் தொழில் போச்சு. கேசைக் கெடுத்தேன்னு என்னையவே உள்ள வச்சிருவாங்க. ஒரு நாள் பொறுப்போமே. அவங்களே கண்டுபிடிச்சாலும் பிடிப்பாங்க."

"ஒரு நாளா?"

"சரி, அரை நாள்."

"யாரு தலைக்கு அண்ணாச்சி பேரம் பேசுறீங்க?"

"பயமா இருக்கு டீச்சர்."

நஸ்ரீன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"இசக்கிமுத்துவுக்கு இன்னும் பயமே வரலை. அது வர்றதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிடுங்க."