சிவப்பு எழுத்தில் வந்த கட்டளை

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். நடந்து பத்து நாளாகிறது.

என் மகள் பொன்மலர் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஓய்வு கிடைத்தால் போனில் ஒரு கோட்டைச் சண்டை விளையாட்டு. தனியாக ஆடுவதில்லை. நாற்பது பேர் சேர்ந்து ஒரு படை. கில்டு என்கிறார்கள். அதில் பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

படையைச் சேர்த்தவர் எபனேசர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சண்டையில் சுமார்தான். ஆனால் யாருக்கு எந்த ஷிப்டு, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாலு வருடமாக ஆள் ஆளாகப் பேசிச் சேர்த்த படை அது.

மேலப்பாளையம் அன்சாரி அந்தப் படையின் வில்லாளி. ஒற்றைக்கு ஒற்றையில் அவனை ஜெயித்தவர் இல்லை. எபனேசருக்கு அம்மை போட்டிருந்த ஒரு வாரம் அவன்தான் தலைவன். குறி தவறியவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினான். அந்த வாரம் பாதிப் பேர் விளையாடவே வரவில்லை.

பொன்மலருக்குக் காயம் ஆற்றும் வேலை. பின்னால் நின்று, அடிபட்டவர்கள் விழுந்துவிடாமல் தேற்றிவிடுவாள்.

எபனேசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தலைவர் எழுதுவது திரையில் சிவப்பாக வரும். மற்றவர்கள் எழுதுவது வெள்ளை. சண்டை நடக்கும்போது சிவப்பு மட்டும்தான் கட்டளை. நடுவே வெள்ளையில் யோசனை சொன்னால் படையை விட்டே நீக்கம்.

இன்னொன்றும் உண்டு. தினமும் காலையில் தலைவரின் பெயரில் நுழைந்து கோட்டைக் களஞ்சியத்தைத் திறக்க வேண்டுமாம். அந்நேரம் எபனேசர் வேனில் இருப்பார். அதனால் பாஸ்வேர்டைப் பொன்மலரிடம் கொடுத்திருந்தார். "களஞ்சியத்தைத் திறந்துட்டு வெளிய வந்துரு தாயி. என் பேருல ஒரு எழுத்து எழுதக் கூடாது" என்றார். அவளும் சத்தியம் செய்தாள். தினமும் என் போனில்தான் அவர் பெயரில் நுழைவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாவட்ட இறுதிச் சண்டை. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குப் போகலாம். சென்னையில் படையை யார் நடத்துவது என்று அன்றைக்கே நாற்பது பேரும் ஓட்டுப் போடுவதாக ஏற்பாடு. இறுதிச் சண்டையில் விழுந்த வீரன் திரும்ப எழ மாட்டான். வருடக்கணக்கில் வளர்த்தது போனது போனதுதான்.

"வாசலை அடைத்து நில்லுங்கள்" என்று சிவப்பில் வந்தது. நின்றார்கள். பாதிச் சண்டையில் எபனேசர் தெருவில் கரண்டு போனது, சிக்னலும் போனது, அவர் விளையாட்டிலிருந்தே காணாமல் போனார். வாசல் உடைகிற நிலை. எல்லாரும் அடுத்த சிவப்பு எழுத்துக்குக் காத்து நின்றார்கள்.

நான் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தேன். பொன்மலர் என் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, என்னட்டி இது! அவ லைன்ல இருக்கா!"

"பொறவு பேசும்மா. கோட்டை போவப் போவுது."

தன் போனைப் பாயில் போட்டாள். என் போனில் எபனேசராக நுழைந்தாள். "வாசலைத் திறந்துவிடுங்கள். அன்சாரி மட்டும் பின்வழியாக வெளியே போ" என்று எழுதினாள்.

எதிரிக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறாள்! எனக்கு உயிரே போயிற்று. ஒருவர்கூட ஏன் என்று கேட்காமல் திறந்தார்களே, அது அதைவிட அதிர்ச்சி. எதிரிப்படை மொத்தமும் உள்ளே பாய்ந்தது. எதிரித் தலைவன் வெளியே காவலில்லாமல் நின்றான். வேறு யாருக்கும் எட்டாத தூரத்திலிருந்து அன்சாரி ஒரே அம்பு விட்டான். தலைவன் விழுந்தால் அந்தப் படைக்குத் தோல்வி என்பது விளையாட்டு விதி. சண்டை முடிந்தது, ஜெயித்துவிட்டோம்.

உள்ளே நம் ஆட்கள் ஏழு பேர் விழுந்திருந்தார்கள். அவர்கள் விழுமுன் காயம் ஆற்ற வேண்டியவள், பாயில் கிடந்த பொன்மலரின் போனில் மரம்போல நின்றிருந்தாள்.

கரண்டு வந்ததும் எபனேசர் குழு அழைப்பில் வந்தார். முதல் கேள்வியே, "யாரெல்லாம் விழுந்திய?" என்பதுதான்.

விழுந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "நீங்க திறக்கச் சொன்னியன்னு திறந்தோம் அண்ணாச்சி. மூணு வருசமா வளத்த ஆளு போயிட்டான்."

எபனேசர், தான் எழுதாத சிவப்பு எழுத்தைப் படித்திருப்பார். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். "என் பொறுப்புதான்பா. ஏழு பேருக்கும் மறுபடி ஆள் வளக்கக் கூடவே நிக்கேன்" என்றார்.

பொன்மலருக்குத் தாங்கவில்லை. "எழுதுனது நான் அண்ணாச்சி."

அன்சாரிதான் முதலில் சிரித்தான்.

"மாத்திரை குடுக்குற பிள்ளையா நம்மள நடத்திச்சு! சரி, அம்பு விட்டது யாரு? அது தவறியிருந்தா உங்க சிவப்பு எழுத்த வச்சு நாக்கு வழிக்கவா?"

"நான் சொல்லலன்னா நீ வாசல்லயே நின்னு செத்திருப்ப" என்றாள் என் மகள்.

எபனேசர் மெதுவாகக் கேட்டார்: "இத உன் பேருல வெள்ளையில எழுதியிருந்தா ஒருத்தனாவது திறந்திருப்பானா தாயி?"

ஓட்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பொன்மலர் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா."

நீங்கள் சொல்லுங்கள். அம்பு அன்சாரியுடையது, யோசனை பொன்மலருடையது, கதவைத் திறக்க வைத்த பெயர் எபனேசருடையது. சென்னைக்குத் தலைவராகப் போகத் தகுந்தவர் யார்?

விடை: என் மகள் பெயர்தான் வாயில் வந்தது. ஆனாலும் எபனேசர் என்றுதான் சொன்னேன். அன்சாரி ஏசிய வாரத்தில் பாதிப் படை வராமல் போனதை மறக்காதீர்கள். பொன்மலரின் யோசனை பெரிதுதான். ஆனால் ஏழு பேர் விழுந்தபோது, தான் செய்யாததற்குப் பொறுப்பேற்று நின்றவர் அவர். அப்படி நிற்பார் என்று நம்பித்தான் அத்தனை பேரும் கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தார்கள். அதற்காக அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் போட்ட சட்டத்தால்தான் என் மகள் அடுத்தவர் பெயரைத் திருடினாள். ஓட்டில் ஜெயித்ததும் அவர் சிவப்பில் எழுதிய முதல் வரி இது: "இனிமேல் வெள்ளையையும் படிப்போம். பொன்மலர், நீ சொல்லு."