வாசலை மறித்த கேட்சர்

"ஏனுங்க டீச்சர், இது நாயமுங்களா?" என்று கேட்டார் செங்கோடன்.

பூங்கோதை டீச்சர் நிமிரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, பிய்ந்துபோன கிளவுஸ் ஒன்றுக்குத் தோல்வார் கோத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கண்ணா. இல்லீன்னா வெளிய நில்லுங்க. வாசப்படியில நிக்காதீங்க."

செங்கோடன் காதில் அது விழவில்லை. கோபம் வந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். கூடம் இருட்டிப்போயிற்று.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார் செங்கோடன். ஆளும் கிட்டத்தட்ட ஒரு லாரிதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பட்டறைக்காரர்களின் பேஸ்பால் அணிக்கு அவர்தான் கேட்சர்.

டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் ஊருக்கே ஒரே அம்பயர். செங்கோடனுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவர் முன்னால் செங்கோடன் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்.

இன்றைக்குக் கட்டவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"ஒம்பது வருசமுங்க. என்னத் தாண்டி ஒருத்தன் பிளேட்டத் தொட்டிருப்பானா?"

ஹோம் பிளேட் என்பது தரையில் பதித்த ஐந்து மூலை வெள்ளைப் பலகை. பேஸ் எனப்படும் மூன்று இடங்களையும் சுற்றி ஓடி வருகிறவன் அதைத் தொட்டால் ஒரு ரன். அதற்குள் கேட்சர் பந்தை வாங்கி அவனைத் தொட்டுவிட்டால் அவன் அவுட். செங்கோடன் இதை இன்னும் சுருக்கிக்கொண்டிருந்தார். பந்து வந்தாலும் வராவிட்டாலும் போய் பிளேட்டின் முன்னால் நின்றுவிடுவார். வருகிறவன் மோதுவான், விழுவான், எழுந்து திட்டுவான்.

இத்தனை வருஷம் பொறுத்துப் பார்த்த டீச்சர், போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு விசில் ஊதிவிட்டார். கையில் பந்து இல்லாமல் வழியை மறித்தது தப்பு என்று சொல்லி, ஓடி வந்தவனுக்கு ரன்னையும் கொடுத்துவிட்டார்.

"கேப்டன் என்ன சொல்லிப்போட்டான் தெரியுமுங்களா? வர்ற ஞாயித்துக்கெழம பைனல்ல இன்னொருக்கா இப்புடிப் பண்ணுனா, கேட்சர் மாஸ்க்கக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுல உக்காருன்னுட்டான். அந்த மாஸ்க் இல்லாம நான் யாருங்க டீச்சர்?"

அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததில் டீச்சருக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் கையிலிருந்த தோல்வாரை விடவில்லை.

"வாசப்படிய விட்டு நகருங்கண்ணா."

செங்கோடன் நகரவில்லை.

உள்ளேயிருந்து டீச்சரின் வீட்டுக்காரர் வந்தார். செங்கோடனின் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பெருமூச்சு விட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக வெளியே போனார். செங்கோடன் இதையும் கவனிக்கவில்லை.

"மோதுறவன் மேல தப்பு இல்லீங்களா? அவனுக்கு ரூல் கெடையாதா?"

"இருக்குது. அவன் பிளேட்டப் பாத்து ஓடியாரோணும். உங்களப் பாத்து ஓடியாரக் கூடாது."

"ஓடியார்றவன் எதப் பாக்குறான்னு யாரு கண்டா?"

"நீங்க ஒதுங்கி நில்லுங்க. தெரிஞ்சிரும்."

"ஒதுங்கறதா! நானா!"

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

"வழி, வழி, வழி!"

கேஸ்காரர் தோளில் முழு சிலிண்டரோடு படியேறி வந்துகொண்டிருந்தார். செங்கோடன் சட்டென்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கூடத்தில் வெளிச்சம் வந்தது. சிலிண்டர் உள்ளே போயிற்று.

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஏனுங்கண்ணா ஒதுங்குனீங்க?"

"நல்லாக் கேட்டீங்க. அவரு சிலிண்டரோட வர்றாருங்களே!"

"நீங்க என்ன வச்சிருந்தீங்க?"

செங்கோடன் தன் கைகளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்களே."

டீச்சர் அடுப்படிப் பக்கம் கை காட்டினார். "காலி சிலிண்டர் அங்க நிக்குது. கொண்டுபோய் வண்டியில வச்சுருங்க."

செங்கோடனுக்கு ஆத்திரமாக வந்தது. ரூல் கேட்க வந்தவனைச் சிலிண்டர் தூக்க வைக்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே அதைத் தோளில் ஏற்றினார். அதோடு அவர் வாசலுக்கு வந்தபோது, கேஸ்காரர் ரசீதில் கையெழுத்து வாங்குவதற்காக வாசப்படியில் நின்றிருந்தார். செங்கோடன் வழி கேட்கக்கூட இல்லை. கேஸ்காரர் தானாக ஒதுங்கி வழி விட்டார்.

செங்கோடன் படியில் ஒரு காலும் கூடத்தில் ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

"வாசப்படியில நிக்காதீங்கண்ணா," என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கு எதிரணியாகப் பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் குழந்தைவேல் என்றொருவர், செங்கோடனை இடிப்பதற்கென்றே சோறு தின்பவர். இருவரும் மோதிக்கொண்டதில் ஆளுக்கு ஒரு விலா எலும்பு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

ஆட்டத்தின் நடுவில் ஒருவன் ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்தான். பந்து எங்கேயோ இருந்தது. செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவன் நம்ப முடியாமல் செங்கோடனைப் பார்த்துக்கொண்டே பிளேட்டைத் தொட்டுவிட்டுப் போனான். மாஸ்க்கைக் கழட்டுவேன் என்று மிரட்டிய கேப்டனே தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசிக் கட்டம் வந்தது. பட்டறைக்காரர்கள் ஒரே ரன் முன்னால் இருந்தார்கள். இன்னும் ஒருவன் அவுட் ஆனால் கோப்பை அவர்களுக்கு.

பந்து மைதானத்தின் மூலைக்குப் பறந்தது. மூன்றாவது பேஸைத் தாண்டிக் குழந்தைவேல் ஓடி வந்தார்.

செங்கோடனின் கால்கள் பழக்கதோஷத்தில் தானாகவே பிளேட்டின் முன்னால் போய் நின்றன. "மறிங்கண்ணா, மறிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் குனிந்து கிளவுஸைப் பார்த்தார். காலியாக இருந்தது.

ஓரடி ஒதுங்கினார்.

ஒதுங்கியதும்தான் பந்து கண்ணில் பட்டது. மூலையிலிருந்து கிளம்பி, வெயிலில் மின்னி, ஒரு தரம் தரையில் குதித்து, அவரைத் தேடிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாக ஓடி வருகிறவனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, பந்து வருவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பந்து கிளவுஸில் வந்து உட்கார்ந்தது.

குழந்தைவேலும் வந்துவிட்டார். தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடி, தோளை முன்னால் தள்ளி, செங்கோடன் எப்போதும் நிற்கிற இடத்தை இடித்தார்.

அங்கே யாரும் இல்லை.

பிளேட்டுக்கு மேலாகவே பறந்துபோய், அதற்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்தார். ஒரு விரல்கூடப் பிளேட்டில் படவில்லை.

செங்கோடன் நடந்துபோய், பந்தோடு அவர் முதுகைத் தொட்டார்.

டீச்சர் முஷ்டியை உயர்த்தினார். "அவுட்!"

பட்டறைக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். செங்கோடன் அவர்களைக் கவனிக்காமல், குனிந்து கை கொடுத்துக் குழந்தைவேலைத் தூக்கி உட்கார வைத்தார்.

"ஏனுங்க, பிளேட்டு இங்க கெடக்குது. நீங்க எங்க போனீங்க?"

குழந்தைவேல் வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"நான் எங்கீங்க பிளேட்டப் பாத்தேன்? உங்களப் பாத்துத்தானுங்க ஓடியாந்தேன்!"