ஏழாம் தலைமுறைப் பேரன்

மாந்தோப்புச் சீமையை ஆண்ட குமரேந்திர பூபதிக்கு வயது அறுபதைத் தாண்டியதும் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. தான் சேர்த்த செல்வம் ஏழு தலைமுறைக்கும் குறையாமல் நிற்க வேண்டுமே என்ற கவலை. அதற்காக, பெரிய ஏரியின் கரையைப் பலப்படுத்த ஒதுக்கிய பொன்னைக்கூட நிறுத்தி வைத்துவிட்டார். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரை எந்த நேரம் உடையுமோ என்று ஊரே பயந்து கிடந்தது.

"என் வம்சத்தில் எவனாலும் அழிக்க முடியாதபடி ஓர் ஏற்பாடு வேண்டும். யார் சொல்வது?" என்று சபையில் கேட்டார் அரசர்.

பொக்கிஷ அதிகாரி திருவேங்கடத்துக்கு விகடகவி அம்பலவாணரை மட்டம் தட்ட நெடுநாள் ஆசை. "அம்பலவாணரைக் கேளுங்கள், மகாராஜா. பாட்டனார் மூன்று கிராமம் வைத்துவிட்டுப் போனார். இப்போது இவரிடம் இருப்பது ஒரு குடை" என்றார்.

சபை சிரித்தது. அம்பலவாணருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுத்துப் பேச வழியில்லை. ஒரு கிராமம் குதிரைகளோடு போனது, ஒன்று நாடகக் கொட்டகையில் போனது. மூன்றாவதை நண்பர்கள் சாப்பிட்டுவிட்டார்கள்.

"குடையிலும் இரண்டு ஓட்டை, மகாராஜா. அதனால்தான் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. என்னையே உங்கள் ஏழாம் தலைமுறைப் பேரனாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பூட்டுங்கள். நான் அழிக்கிறேன்."

அரசருக்கு வேடிக்கையாக இருந்தது. "பொன்னைக் கருங்கல் அறையில் பூட்டி, சாவியைத் தளபதியிடம் கொடுப்பேன்."

"தளபதியின் மகளைக் கட்டிக்கொள்வேன், தாத்தா. மாப்பிள்ளை கேட்டால் சாவி தராமல் இருப்பாரா?"

"நிலமாக வாங்கி, விற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைப்பேன்."

"உங்கள் வார்த்தையை மீறுவேனா? விற்கவே மாட்டேன். ஆயிரம் வருஷக் குத்தகைக்கு விடுவேன்."

"நல்ல பிள்ளைக்குத்தான் சொத்து என்று எழுதி வைப்பேன்."

"அப்பாவின் கடைசி நாட்களில் கட்டிலருகே நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். அது அப்படியொன்றும் கஷ்டமில்லை." சொல்லும்போது அம்பலவாணரின் குரல் இறங்கிவிட்டது. அது நடிப்பில்லை என்று அரசருக்கும் தெரிந்தது.

"அப்படியானால் உன்னால் அழிக்க முடியாதது எதுவுமே இல்லையா?"

"ஒன்று இருக்கிறது, மகாராஜா. பாட்டனார் ஊருக்காக வெட்டிய கிணறு. அதையும் விற்கத்தான் போனேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தோடு துரத்தினார்கள். இன்றைக்கும் அங்கே தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். என் பெயரையும் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சபையில் சொல்ல முடியாது."

அரசர் திருவேங்கடத்தைப் பார்த்து, "ஏரிக்கரை வேலையை நாளைக்கே தொடங்கும்" என்றார். அம்பலவாணரிடம் ஒரு பொற்கிழியை நீட்டினார்.

அம்பலவாணர் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னிடம் வேண்டாம், மகாராஜா. யாரையாவது விட்டு என் மனைவி வடிவாம்பாளிடம் சேர்த்துவிடுங்கள்."

"ஏன், வீடு பக்கத்தில்தானே இருக்கிறது?"

"பக்கம்தான். ஆனால் போகிற வழியில் இன்றைக்குச் சேவல் சண்டை நடக்கிறது."