மூன்று மணிக்கு அணையும் விளக்கு

முதலில் சத்தம்தான் கேட்டது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை விடுவதுபோல ஒரு ‘ஸ்ஸ்’.

மைமூன் கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, பையில என்ன?”

“விளக்குதான் டீச்சர். பதினோரு நாளா ஒருதரம்கூட அணையல. உங்ககிட்டக் காட்டலாம்னு...”

“கையை எடுங்க.”

சவரிமுத்து எடுத்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, அவளுக்கு முப்பத்தாறு. பேகம்பூரில் அவளுக்குச் சின்னதாக ஒரு கடை. பியூஸ் போன எல்.இ.டி பல்புகளைப் பிரித்து, உயிரோடு இருக்கும் சிப்புகளை மட்டும் எடுத்து, அவற்றைக் கொண்டு புது விளக்கு செய்வாள். நான்கு மாதமாக அவர் அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தார். யார் மூத்தவர் என்ற பேச்சு அங்கே வந்ததே இல்லை.

மைமூன் ஒரு இரும்புக் கம்பியால் பையின் காதைத் தூக்கினாள். ஓடவில்லை. நான்கு எட்டு வைத்து வாசலுக்குப் போனாள். மணல் வாளிக்குள் பையை விட்டுவிட்டு விலகி நின்றாள்.

டப்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. அதற்குள்ளிருந்து முழ நீளத்துக்குத் தீ ஒன்று எழும்பி, பக்கவாட்டில் வளைந்து, அடங்கியது. நகப்பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாடை.

“மாதாவே” என்றார் சவரிமுத்து.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்ன மைமூன், காலையிலேயே தீபாவளியா?”

“ஒரு வெடிதான் பாய். முடிஞ்சிருச்சு. நீங்க டீயை ஆத்துங்க.”

சவரிமுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ராத்திரி பூரா இது அவ தலைமாட்டுல இருந்துச்சு.”

“எவ்வளவு தள்ளி?”

அவர் ஒரு சாண் காட்டினார். பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கொசுவலைக்குள்ள.”

அவர் மனைவி ஜெயராணிக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை. மாத்திரையை இரண்டு தடவை கூட்டியாகிவிட்டது. இந்த அம்மா தூங்கியே ஆகவேண்டும், இப்படியே போனால் மறுபடியும் படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் சவரிமுத்து மெனக்கெட்டார். தான் செய்த விளக்குக்குக் கரண்ட் இல்லாமலே எரிகிற மாதிரி பழைய போன் பேட்டரிகளைச் சேர்த்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் குறைத்துக்கொள்ளப் பழைய ரேடியோவின் வால்யூம் திருகைப் பொருத்தினார்.

புகை அடங்க நெடுநேரம் ஆயிற்று. மைமூன் ஸ்க்ரூடிரைவரால் மணலைக் கிளறி, கருகியதில் ஒரு துண்டை வெளியே தள்ளினாள். நகத்தளவு போர்டு. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே ஒரு கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது.

“இது?”

“நான்தான் வச்சேன்.”

“சால்டரிங் சுத்தமா வந்திருக்கு.”

அது பாராட்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

“இந்த போர்டு எதுக்குன்னு சொல்லுங்க.”

“பேட்டரி ரொம்ப இறங்கிடாம வெட்டிவிடறதுக்கு. அதுக்குக் கீழ இறங்கவிட்டுத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தினா உள்ளுக்குள்ள கெட்டுப்போகும்.”

“தெரிஞ்சும் அது வெட்டாம இருக்கக் குறுக்கே கம்பி போட்டீங்க.”

“மூணு மணிக்கெல்லாம் வெட்டிருது டீச்சர். விடியறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. அதுக்குப் போதும்னு தோணிருது. எனக்குப் போதல.”

“உங்களுக்கா?”

“அவளுக்கு. இருட்டுன்னா பயப்படுவா.”

“சொன்னாங்களா?”

“சொல்லணுமா? முப்பத்திரண்டு வருஷம் ஒண்ணா இருக்கோம்.”

மைமூன் போனை எடுத்தாள். ஜெயராணியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தாள். சவரிமுத்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லும்மா மைமூன். அந்த மனுஷன் ஏதாவது சாப்பிட்டாரா? காலையில வெறும் வயித்தோட கிளம்பினாரு.”

“வாங்கிக் குடுக்கறேன்க்கா. விளக்கு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்.”

“அது விளக்கா? கல்யாண மண்டபம். குறைக்கத் திருகு வச்சிருக்கேன்னாரு. நான் குறைப்பேன், அவரு கூட்டுவாரு. கண்ணை மூடினா இமைக்கு உள்ளேயும் வெளிச்சம்.”

“உங்களுக்கு இருட்டுன்னா பயமாக்கா?”

ஜெயராணி சிரித்தாள். சிரிப்பின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

“எனக்கா? நான் பொறந்த வீட்டுல கரண்டே கிடையாது. இருட்டினாதான் எனக்குத் தூக்கமே வரும். பயமெல்லாம் அவருக்குத்தான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா மூக்குக்கிட்டக் கையை வச்சு வச்சுப் பாக்குறாரு. நெஞ்சு ஏறி இறங்குதான்னு தெரியணும்ல, அதுக்குத்தான் வெளிச்சம். வாயைத் திறந்து சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியாதா?”

“அப்ப நீங்க எப்பக்கா தூங்குறீங்க?”

“எங்கிட்டுத் தூங்க? கொஞ்சம் அசந்துட்டா மனுஷன் பதறிடுவாரு. அதான் படுத்தவாக்குல அப்பப்ப லேசா இருமி வைப்பேன். இருமல் கேட்டா அவரு தலையைச் சாய்ச்சுக்குவாரு. அவராவது தூங்கட்டும்.”

மைமூன் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதை அவர்கிட்டச் சொல்லிடாதம்மா. ஆசையாச் செஞ்சது. முகம் வாடிப்போயிருவாரு.”

போன் அணைந்தது.

சவரிமுத்து போனில் குரல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கியது.

இருமல் மருந்து.

“ரெண்டு பாட்டில் குடுத்துட்டேன். இது மூணாவது” என்றார். சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது.

மைமூன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, அவரிடமே கொடுத்தாள்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ஆபரேஷன் அன்னைக்கு வெளியே ஒத்தையா உக்காந்திருந்தேன். ஆறு மணி நேரம். கதவு மேல ஒரு சிவப்பு லைட்டு. அது எரியற வரைக்கும் உள்ளே அவ உசிரோட இருக்கான்னு அர்த்தம்னு நானா நினைச்சுக்கிட்டேன். திடீர்னு அணைஞ்சிருச்சு. ஆபரேஷன் முடிஞ்சா அப்படித்தான் அணைப்பாங்களாம். எனக்கு யாரும் சொல்லல.”

எதிர்க்கடையில் டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

“விடிய விடிய அணையாம ஒரு விளக்கு. அவ்வளவுதானே கேட்டேன். அது தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா? அதைத்தான் செஞ்சு முடிச்சிட்டீங்களே.”

“எங்க டீச்சர், அதான் வெடிச்சுப்போச்சே.”

“நான் மணல்ல கிடக்கறதைச் சொல்லலண்ணே. வீட்டுல விடிய விடிய முழிச்சுக் கிடக்கறதைச் சொன்னேன்.”

சவரிமுத்து கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

மைமூன் மேசைக்குத் திரும்பிப்போய், பாதியில் விட்ட வேலையின் முன்னால் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவரும் எழுந்து வந்தார். மூலையில் குவிந்திருந்த பியூஸ் பல்புகளில் ஒன்றை எடுத்து, அதன் மூடியை நெம்பிக் கழற்ற ஆரம்பித்தார்.