விதைக்கடைக்கு மேலே ஓர் அரங்கம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒஹாயோவின் சின்ன ஊர்களுக்கெல்லாம் நாடக அரங்கம் கட்டும் பைத்தியம் பிடித்திருந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில், கடைவீதியில் இடம் பார்ப்பார்கள். கீழே கடைகள், மாடியில் அரங்கம். வாடகை கீழே வரும், பெருமை மேலே வரும். அப்படிக் கட்டுவதில் ஹைரம் கைதேர்ந்தவர்; சொந்த ஊரின் அரங்கமும் அவர் கட்டியதுதான்.

அவரிடம் தொழில் கற்ற எமெட் தன் முதல் வரைபடத்தை எடுத்துவந்தான். மறுநாள் அதைப் பக்கத்து ஊரார் முன் வைக்க வேண்டும்.

"உங்கள் அரங்கம் மாதிரியேதான் ஐயா, மாடியில். படியை மட்டும் இன்னும் செங்குத்தாக்கிவிட்டேன். கீழே இன்னொரு கடைக்கு இடம் கிடைத்தது. ஏதாவது குறை தெரிகிறதா?"

ஹைரம் படத்தைப் பிரிக்கவில்லை. "சாயங்காலம் நாடகம் இருக்கிறது. வா."

முன்வரிசை கிடைக்கும் என்று எமெட் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். ஹைரமோ மாடிப்படியை விட்டுவிட்டு, மேடைக்கு நேர் கீழே இருந்த விதைக்கடைக்குள் நுழைந்தார்.

மூட்டைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் அவர் மனைவி லூயிசா இருந்தாள். போன குளிர்காலத்தில் அவளுக்குக் கால்கள் செயலிழந்துவிட்டன. மேலே நடிக்கப்போவது அவர்கள் மகள் க்ளாரா. நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைகிறவள், சொந்த ஊரில் மேடையேறுவது இதுதான் முதல் தடவை. நாடகம் முடிந்ததும் குழு ரயிலேறிவிடும்.

"நாலு பேராகத் தூக்கிப் போய்விடலாமே, ஐயா" என்று எமெட் கிசுகிசுத்தான்.

லூயிசாவுக்கு அது கேட்டுவிட்டது. "பியானோவை அப்படித்தான் ஏற்றினார்கள். நான் பியானோ இல்லையப்பா."

மேலே மணி அடித்தது. பலகைகள் அதிர்ந்தன.

"இது அவளா?" என்று கேட்டாள் லூயிசா.

"இல்லை, யாரோ கனத்த ஆள்."

கொஞ்ச நேரத்தில் மெல்லிய காலடிகள் கேட்டன.

"இதுதான்" என்றார் ஹைரம்.

லூயிசா அண்ணாந்து பார்த்தாள். காலடி போன பக்கமெல்லாம் அவள் முகமும் போனது. திடீரென்று அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன செய்தாள்?"

"தெரியவில்லை, லூயிசா."

"நீங்களாவது போய்ப் பாருங்களேன். எத்தனை தடவை சொல்வது?"

அவர் அவள் பக்கத்திலேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். எமெட்டுக்கு அவர்மேல் கோபமே வந்தது.

"கட்டும்போது இதெல்லாம் உங்களுக்குத் தோன்றவே இல்லையா, ஐயா?"

மேல்பலகைகளிலிருந்து அவள் மடியில் உதிர்ந்திருந்த தூசியை ஹைரம் தட்டிவிட்டார்.

"கட்டும்போது இவள் நடந்துகொண்டிருந்தாள்" என்றார்.